ஃப்ரீசரில் கொழுக்கட்டை இருக்கிறது

ஷாங்காய்
நவம்பர் 6

யாசென்,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், அந்த மனுஷன் 'ம்' கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, சொல்ல ஏதாவது இருந்தால் எழுதட்டும் என்று மருமகன் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். ஆயுள் முழுக்க ஹுவாங்பு ஆற்றில் அக்கரைப் படகு ஓட்டியவனுக்கு எழுத வராது என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

ஜியாயின் எப்படி இருக்கிறாள்? குழந்தை எப்படி இருக்கிறது? பிரசவம் நல்லபடியாக ஆயிற்று என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி என் விஷயம். பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு, "ஃப்ரீசர்ல கொழுக்கட்டை இருக்கு, அவிச்சுத் தின்னு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாயே, அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்த நேரத்தில் நான் "அப்ப எனக்குச் சாப்பாடு?" என்று கேட்டதுதான் உன் கோபம். அடுப்பில் ஒன்றுமில்லை, மணி ஆறரை. பசிக்கிறவன் வேறென்ன கேட்பான் என்று நீயே யோசித்துப் பார்.

நீ சொன்னபடியே செய்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து அப்படியே கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் மாவு தனியாக மிதந்தது, கறி தனியாக அடியில் கிடந்தது, உள்ளே இருக்கவேண்டிய சூப் பாத்திரத்துத் தண்ணீரோடு கலந்துவிட்டது. துணி துவைத்த தண்ணீர் போலிருந்தது. பக்கத்து வீட்டுச் சின் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன துவைக்கிறாய் என்றே கேட்டான்.

சூப் கொழுக்கட்டை என்றால் கடைக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மூங்கில் தட்டு ஆவி பறக்க மேசைக்கு வர வேண்டும். பொட்டலத்தில் வருவதெல்லாம் கொழுக்கட்டையே அல்ல என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது.

நீ எப்போது வருகிறாய்?

ஃபூகென்


ஹார்பின்
நவம்பர் 11

கிழவா,

எதிர்க்கரை தெரியாத பனிமூட்டத்தில் படகு நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தவன் நீ. பொட்டலத்தின் பின்பக்கம் நாலைந்து வரி எழுதியிருக்கிறது. அதைத் திருப்பிப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை.

சூப் கொழுக்கட்டையைத் தண்ணீரில் போட மாட்டார்கள், ஆவியில்தான் வைப்பார்கள். நீ கடையில் தின்னும்போது மூங்கில் தட்டைப் பார்த்ததே இல்லையா? நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மேல் அலமாரியில், புத்தாண்டுக்கு எடுக்கும் பெரிய சட்டிக்குப் பின்னால். அடியில் முட்டைக்கோஸ் இலை போடு, ஒட்டாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தட்டில் வைக்க வேண்டும், உருகவிடக் கூடாது. உள்ளே இருப்பது இப்போது சூப் இல்லை, கறியெலும்பு வேகவைத்து உறையவைத்த கட்டி. அடுப்பில்தான் அது சூப்பாகும். நீ மேசையில் வைத்துவிட்டுத் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தால் மாவு ஈரமாகிக் கிழிந்துவிடும். ஒன்றோடொன்று தொடாமல் வை. பஸ்ஸில் நீ காலை அகட்டிக்கொண்டு உட்காருவாயே, அந்த அளவு இடம் விடலாம். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு தட்டை ஏற்று. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே.

குழந்தை பெண். உன் காது. பாவம்.

இங்கே நம் சம்பந்தியம்மாள் தினமும் காலையில் வந்துவிடுகிறாள். மலை மாதிரி ஆள். மாடிப்படியில் ஏறும்போதே அவள் குரல் வீட்டுக்குள் வந்துவிடும். வடக்கத்திக் கொழுக்கட்டையைப் பலகை பலகையாகச் செய்து பால்கனியில் வைத்துவிடுகிறாள், அது கல்லாக உறைந்துவிடுகிறது. ஊரே ஃப்ரீசர்தான் இங்கே. நேற்று எல்லார் முன்னாலும், "உங்க ஊரு கொழுக்கட்டை ஒரு வாய்த் தண்ணி சம்பந்தி, அதத் தின்னுட்டு மனுசங்க எப்பிடி வேலைக்குப் போறாங்க?" என்றாள். அதற்குப் பதில் எனக்கு ராத்திரிதான் வந்தது. அதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

யாசென்


ஷாங்காய்
நவம்பர் 17

யாசென்,

திட்டியிருக்கிறாய். ஆனால் விளக்கமாகத் திட்டியிருக்கிறாய், அதனால் உபயோகமாக இருந்தது.

தட்டு கிடைத்தது. முதல் தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன், இரண்டு கிழிந்தது. அடுத்த தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். பொட்டலத்தின் பின்பக்கம் போட்டிருந்த நேரம் ஆனதும் மூடியைத் தூக்கினேன். என்ன சொல்ல. எல்லாம் முழுசாக, தொப்பையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாவுக்குள் சூப் ஆடுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

இஞ்சியை நூல் நூலாக அரிந்து கருப்பு வினிகரில் போட்டுக்கொண்டேன். நூல் என்று சொன்னாலும் அது கயிறு போலத்தான் இருந்தது. கொழுக்கட்டையைக் கரண்டியில் ஏந்தி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஊதி, உறிஞ்சினேன். நாக்கு வெந்துபோனது. பரவாயில்லை. யாசென், கடையில் சாப்பிட்டால் நாற்காலிக்குப் பின்னாலேயே ஒருத்தன் நின்றுகொண்டு நீ எப்போது எழுந்திருப்பாய் என்று கழுத்தில் மூச்சு விடுவான். வீட்டில் யாரும் இல்லை. பருத்திப்பஞ்சு அங்கியைப் போட்டுக்கொண்டு, காலில் கம்பளிச் செருப்போடு, எவ்வளவு சத்தமாக உறிஞ்சினாலும் கேட்க ஆளில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து தெருவே தெரியவில்லை. எனக்கென்று ஒரு கடை வைத்த மாதிரி இருந்தது.

பொட்டலத்தில் வருவது கொழுக்கட்டையே அல்ல என்று நான் சொன்னதாக எழுதியிருந்தேன். அது அவசரத்தில் எழுதியது.

இப்போது சூப்பர் மார்க்கெட்டுக்கு நானே போகிறேன். ஃப்ரீசர் அலமாரி முன்னால் நான் நிற்கிற நிற்பைப் பார்த்து அங்கே வேலை செய்யும் அம்மாள், "பெரியவரே, மூடிட்டு யோசிங்க, எல்லாம் உருகுது" என்றாள். நண்டு முட்டை போட்டது ஒரு வகை இருக்கிறது, தெரியுமா? வூஷி ஊர்க்காரர்களுக்கென்று தித்திப்பாக ஒன்று. அதைச் சின்னுக்குக் கொடுத்தேன், அவன் அரிசி மதுவோடு வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். பெண்ணையும் பேத்தியையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வா. இங்கே ஒரு குறையும் இல்லை.

ஃபூகென்


ஹார்பின்
நவம்பர் 22

லூ ஃபூகென் அவர்களுக்கு,

ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு ஆக்கிப் போட்டிருக்கிறேன். என் இடத்துக்கு ஒரு மூங்கில் தட்டு போதும் என்று தெரிந்திருந்தால் அப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டு நான் வேறு ஏதாவது வேலை பார்த்திருப்பேன். நல்லது. புத்தாண்டுக்கும் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீயும் சின்னும் நண்டு முட்டை தின்றுகொண்டிருங்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று பேனாவை மூடி வைத்தேன். ஆனால் இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜியாயின் சரியாக இல்லை. உடம்பில் ஒன்றுமில்லை. குழந்தை அழுதால் அவளும் அழுகிறாள், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தினைக் கஞ்சி, அவித்த முட்டை, பன்றிக்கால் சூப் என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கொண்டுபோய் வைக்கிறோம், அப்படியே திரும்பி வருகிறது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வரும், தனியாக விடாதீர்கள், தூங்க விடுங்கள், ஏதாவது சாப்பிட வையுங்கள், வாரம் தவறாமல் வந்து என்னைப் பாருங்கள் என்றாள். மருமகன் நல்ல பையன், அவனும் பயந்துபோயிருக்கிறான்.

போன வாரம் அவளாகவே, "அம்மா, சூப் கொழுக்கட்டை இருந்தா தின்பேன்" என்றாள். எனக்கு அந்தப் பக்குவம் கையில் வராது, மாவு அவ்வளவு மெல்லிசாக எனக்குத் தேய்க்க வராது என்று உனக்கே தெரியும். சம்பந்தியம்மாள் அந்தப் பனியில் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஒரு பொட்டலம் தேடிப் பிடித்து வந்தாள். அது எங்கேயோ உருகி மறுபடி உறைந்தது போலிருக்கிறது. மாவெல்லாம் வெடிப்பு. அவித்து வைத்தேன். ஜியாயின் ஒன்றைப் பிட்டு உள்ளே பார்த்தாள். "சூப் எங்கம்மா போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள். நான் சமையலறைக்குப் போனேன். அங்கே சம்பந்தியம்மாள் எனக்கு முன்னாலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

இதற்கு நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும். சும்மா எழுதினேன்.

யாசென்


ஷாங்காய்
நவம்பர் 26

யாசென்,

உன் கடிதத்தைத் தபால் பெட்டி அருகில் நின்றபடியே படித்தேன்.

ஒரு குறையும் இல்லை என்று எழுதியது நீ கவலைப்படாமல் இருப்பாய் என்று. அந்த வரியைச் சின் சொல்லிக் கொடுத்தான். பெண்டாட்டி இல்லாதவனிடம் யோசனை கேட்டது என் முட்டாள்தனம். உண்மையைச் சொன்னால், கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது, அதைச் சொல்ல எதிரில் ஆளில்லை. சின்னிடம் சொன்னால் அவன் வாயில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மீன் சந்தையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிவிட்டேன். மருந்துக் கடையில் ஊசி மருந்துக்கு வைக்கும் ஐஸ் பைகளும் கிடைத்தன. சூப்பர் மார்க்கெட் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய், லாரியிலிருந்து இறக்கி வெளியில் வைக்காத பொட்டலங்களாக எடுத்துக் கொடுத்தாள். பெட்டியை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவளும் சின்னும் வாக்குவாதம் செய்து, கடைசியில் என் பழைய குளிர் அங்கியை அதற்குப் போர்த்தியிருக்கிறோம். நாளைக் காலை ரயில். கடிதம் முந்துமா நான் முந்துவேனா தெரியாது.

எனக்குக் குளிர் ஆகாது என்று வருஷக்கணக்காகச் சொல்லி ஹார்பின் பக்கமே வராமல் இருந்தேன். ஆகாதுதான். கொழுக்கட்டைக்கு ஆகும்.

ஜியாயினிடம் சொல்லாதே. வழியில் உருகிவிட்டால் அவளை மறுபடி அழவைத்ததாகிவிடும்.

ஃபூகென்


ஹார்பின்
டிசம்பர் 9

யாசென்,

ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று மருமகன் சொன்னான். இரண்டு நாள் விடாமல் தூங்கினாயாமே. நல்லது. அதற்குத்தான் உன்னை அனுப்பினேன்.

இங்கே நிலவரம் இது. ஜியாயின் நேற்றுத் தானே எழுந்து பால்கனிக்குப் போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள். கஞ்சியும் குடிக்கிறாள். டாக்டரம்மா முகம் மலர்ந்து பேசினாள், ஆனாலும் வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறாள், போவோம். சில நாள் காலையில் இன்னும் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். அப்போது நான் ஒன்றும் பேசுவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பேசாமல் உட்கார்வது எனக்கு வரும் வேலை.

குழந்தை அழுதால் படகுச் சங்கு ஊதுவது போல் ஊதுகிறேன். உடனே அடங்கிவிடுகிறது. சம்பந்தியம்மாள் முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த மாவை நழுவவிட்டாள்.

சம்பந்தியம்மாளுக்குச் சூப் கொழுக்கட்டை சாப்பிடக் கற்றுக்கொடுத்தோம். ஓரத்தில் சின்னதாகக் கடிக்கச் சொன்னால் கேட்க வேண்டுமே. முழுசாக வாயில் போட்டுக் கடித்தாள். சூப் பீறிட்டு எதிரில் உட்கார்ந்திருந்த மருமகன் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. "இது சாப்பாடு இல்ல சம்பந்தி, சண்டை" என்றாள். ஜியாயின் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. இப்போது மேசையில் இரண்டு ஊர்க் கொழுக்கட்டையும் இருக்கிறது. பசிக்கு அவளுடையது, ஆசைக்கு நம்முடையது.

வீட்டுக்குள் சூடு போட்டுத் தள்ளுகிறார்கள், நான் பனியனோடு திரிகிறேன். ஷாங்காயில் நம் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

ரயிலேறும்போது நீ ஏதோ சொல்ல வந்தாய், பிறகு ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாய். என்ன அது?

ஃபூகென்


ஷாங்காய்
டிசம்பர் 15

கிழவா,

உன் கடிதம் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் உடனே பிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

அன்றைக்கு நீ ஹார்பின் வீட்டு வாசலில் அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். புருவத்தில் பனி. பெட்டிக்கு அங்கி, உனக்கு ஒரு மெல்லிய சட்டை. என்னைத் திரும்ப அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நான் வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனாய். தட்டு எங்கே, முட்டைக்கோஸ் எங்கே என்று சம்பந்தியம்மாளிடம் அதிகாரமாகக் கேட்டாய். அவள் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படி அடங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஜியாயின் முதல் கொழுக்கட்டையைக் கடித்ததும் சூப் அவள் தாடையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அடுத்ததை எடுத்தாள். "அப்பா, சூப் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ கொதிக்கிற சட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். ஆவியில் கண் எரிகிறது என்றாய். நானும் நம்பினேன்.

பிறகு என்னிடம் வந்து, "நீ போய் நம்ம வீட்ல தூங்கு. இவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாய். கோபம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று ரயிலேறும் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். நேற்று மத்தியானம் ஃப்ரீசரைத் திறந்தேன். நீ வாங்கி வைத்த நண்டு முட்டைப் பொட்டலம் இருந்தது. தண்ணீர் வைத்தேன், தட்டை ஏற்றினேன், மேசையில் எனக்கு மட்டும் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. வெயில் மேசையின் பாதி வரை வந்திருந்தது. தட்டை அப்படியே கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தேன், உட்கார்ந்தேன், ஒன்றை எடுத்துக் கடித்தேன். நாக்கு வெந்துபோனது.

ஃபூகென், எனக்கு நாக்கு வெந்தது அதுதான் முதல் தடவை. நீ கடை கடை என்று போனாய், போன இடத்திலும் நான் குழந்தையாக இருந்த ஜியாயினுக்கு ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எப்போது பொட்டலம் வாங்கினாலும் முதல் தட்டு உனக்கு, அடுத்தது ஜியாயினுக்கு, விருந்தாளி இருந்தால் அவர்களுக்கு. நான் அடுப்படியில் நின்று அடுத்த தட்டை ஏற்றிக்கொண்டிருப்பேன். என் பங்கு கடைசியில் வரும்போது மாவு ஒட்டியிருக்கும், சூப் ஆறி மேலே கொழுப்பு படிந்திருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் இப்படிப் பறக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதுதான் தெரிந்தது இதில் என்ன இருக்கிறது என்று. இரண்டாவது தட்டும் வைத்தேன். அதையும் நானே தின்றேன். உன் கடிதம் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. தபால் என்ன, ஆறினால் ஆறட்டும்.

ரயிலில் சொல்ல வந்தது அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது தெரிகிறது. வருஷத்துக்கு ஒரு வாரம் இந்த வீடு எனக்குத் தனியாக வேண்டும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. மிச்ச நாளெல்லாம் நீ வேண்டும்.

எழுதியதைத் திரும்பப் படித்தால் கோடு போட்டு அடித்துவிடுவேன். அதனால் படிக்காமல் ஒட்டுகிறேன்.

யாசென்


ஹார்பின்
டிசம்பர் 20

யாசென்,

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். சம்பந்தியம்மாள் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, உறைந்துபோவீர்கள், உள்ளே வாருங்கள் என்று தட்டிக்கொண்டே இருந்தாள். முடிக்கிற வரைக்கும் வரவில்லை.

நீ எழுதியதற்குப் பதில் எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். சமையலறையில் நீ நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அங்கே நிற்பது உனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜியாயினிடம் கேட்டேன். "யாராவது அம்மாவக் கேட்டீங்களா?" என்றாள்.

எந்த வாரம் வேண்டும் என்று நீயே சொல்லிவிடு. இலையுதிர்காலம் என்றால் நண்டு நன்றாக இருக்கும், யோசித்துக்கொள். அந்த வாரம் நான் இங்கே வந்துவிடுகிறேன். இங்கே நான் சங்கு ஊதினால் கேட்க ஒருத்தி இருக்கிறாள், என் காதுள்ளவள்.

புத்தாண்டுக்கு எல்லாருமாக வருகிறோம். ஜியாயின் பயணம் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாளும் வருகிறாள், ஒரு பெட்டி நிறைய அவளுடைய கொழுக்கட்டையோடு. ஷாங்காயில் பால்கனியில் வைத்தால் உறையாது என்று சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறாள். நீ எதுவும் சமைத்து வைக்க வேண்டாம், காய்கறி வாங்கவும் கீழே இறங்க வேண்டாம். வழியில் சூப்பர் மார்க்கெட்டில் இறங்கி வேண்டியதை வாங்கிக்கொள்கிறேன். வந்ததும் கை கழுவிவிட்டு நான் தண்ணீர் வைக்கிறேன்.

நீ மேசையில் உட்கார்ந்திரு.

ஃபூகென்